படிப்பில் பின்தங்கியதற்காக ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் நீக்க முற்பட்டால் மேல்முறையீடு செய்வது எப்படி?

மெல்பர்னில் தகவல் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் பட்டப்படிப்புப் படிக்கும் நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. முதல் செமஸ்டரில் எடுத்த நான்கு பாடங்களிலும் தேறினீர்கள். மே மாதம் திருச்சியில் தந்தைக்கு மாரடைப்பு வந்து, ஜூனில் இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த செமஸ்டரில் இரண்டு பாடங்களிலும், நவம்பரில் முடிந்த அடுத்த செமஸ்டரில் மூன்று பாடங்களிலும் தோல்வியடைந்தீர்கள். உங்களை ஏன் படிப்பிலிருந்து நீக்கக் கூடாது என்று காரணம் காட்டும்படி இப்போது பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. விசா உடனே ரத்தாகிவிடுமா என்றும், உங்களுக்குத் தெரிந்த முகவர் சொல்வதுபோல மேல்முறையீட்டை விட்டுவிட்டு ஒரு தனியார் கல்லூரியின் டிப்ளமோவுக்கு மாறிவிடலாமா என்றும் கேட்கிறீர்கள்.

இரண்டு கேள்விகளுக்கும் என் பதில் 'இல்லை' என்பதே. விசா உடனே ரத்தாகாது. டிப்ளமோவுக்கு மாறுவது உங்களை இப்போதைய நிலையைவிட மோசமான நிலையில் கொண்டுபோய் நிறுத்தும். மாணவர்களின் மேல்முறையீட்டுக் கடிதங்களைப் படித்துத் திருத்தித் தரும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் வழக்கு வெல்லக்கூடியதுதான், ஆனால் நீங்கள் இப்போது சொல்லியிருக்கும் வடிவத்தில் அல்ல. அதில் ஓர் இடைவெளி இருக்கிறது, உங்கள் பதிலைப் பரிசீலிக்கும் பல்கலைக்கழகக் குழுவின் கண்ணில் முதலில் படுவது அதுவாகத்தான் இருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் பாதுகாப்பைத் தெரிந்துகொள்ளுங்கள், பயம் பாதி குறையும்.

வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்வி வழங்கும் எல்லா நிறுவனங்களையும் 2000-ஆம் ஆண்டின் வெளிநாட்டு மாணவர் கல்விச் சேவைச் சட்டமும், அதன் கீழ் வகுக்கப்பட்ட 2018-ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறையும் கட்டுப்படுத்துகின்றன. அந்த நெறிமுறையின் 8-ஆவது தரவிதி, பின்தங்கும் மாணவரைப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே அடையாளம் கண்டு, அவருக்குத் தெரிவித்து, உதவ வேண்டும் என்கிறது. அப்படி உதவியும் முன்னேற்றம் இல்லாதபோது, அரசுக்குப் புகாரளிக்கும் எண்ணத்தை எழுத்துமூலம் அறிவித்து, 20 வேலை நாட்களுக்குள் பல்கலைக்கழகத்திடமே உள்முறையீடு செய்யும் உரிமை மாணவருக்கு இருப்பதையும் அந்த அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும். நீங்கள் அந்தக் காலக்கெடுவுக்குள் முறையிட்டுவிட்டால், உள்முறையீடும், பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள அமைப்பிடம் நீங்கள் செய்யும் வெளிமுறையீடும் முடிந்து முடிவு பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாக வந்தால் ஒழிய, பிரிஸ்ம்ஸ் எனப்படும் அரசின் கணினிப் பதிவில் உங்களைப் பற்றி அவர்கள் புகார் பதிய முடியாது. ஆகவே, முறையீடு நடந்துகொண்டிருக்கும் காலம் முழுவதும், படிப்பு முன்னேற்றம் குறித்த புகார் குடிவரவுத் துறைக்குப் போகாது.

புகார் போன பிறகும் விசா தானாக ரத்தாவதில்லை. முன்பு அப்படி ஒரு நடைமுறை இருந்தது: அறிவிப்பின் தேதியிலிருந்து 28 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் நேர்நிற்காவிட்டால் விசா தானே ரத்தாகிவிடும். அது 2013 ஏப்ரல் 13-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. இன்று, ரத்து செய்வது குறித்துப் பரிசீலிக்கப் போவதாகத் துறை முதலில் அறிவிப்பு அனுப்பி, உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே முடிவெடுக்கும். பழைய நடைமுறையை மனத்தில் வைத்துக்கொண்டு மாணவர்களைப் பயமுறுத்துவோர் இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முகவரின் யோசனை ஏன் தவறு என்றால், உங்கள் 500-ஆம் வகை மாணவர் விசாவில் 8202 என்ற நிபந்தனை இருக்கிறது. விசா எந்த நிலைப் படிப்புக்காக வழங்கப்பட்டதோ அதே நிலையிலோ அதற்கு மேற்பட்ட நிலையிலோ உள்ள படிப்பில் நீங்கள் தொடர்ந்து பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது அது. முதுநிலைப் பட்டம் ஆஸ்திரேலியத் தகுதிக் கட்டமைப்பில் 9-ஆவது நிலை. டிப்ளமோ 5-ஆவது நிலை. புதிய விசா பெறாமல் அங்கே மாறினால் நிபந்தனையை மீறியவராவீர்கள். புதிய விசாவுக்கு விண்ணப்பிக்க 2025 ஜூலை முதல் 2,000 டாலர் கட்டணம். முதுநிலையில் தோற்றவர் ஏன் டிப்ளமோவுக்கு இறங்குகிறார் என்ற கேள்விக்கும் அங்கே பதில் சொல்ல வேண்டும். மாணவரைச் சேர்த்துவிடுவதில் முகவருக்குச் சொந்த லாபம் இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். விசா பற்றிய ஆலோசனையைப் பதிவுபெற்ற குடிவரவு முகவரிடமோ வழக்கறிஞரிடமோ மட்டும் பெறுங்கள். கல்லூரிச் சேர்க்கை முகவர் அந்த இருவரில் ஒருவராக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

இனி கடிதத்துக்கு வருவோம். உங்கள் கையில் இருப்பது இறுதி முடிவு அல்ல, காரணம் காட்டச் சொல்லும் கடிதம். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. முதல் கட்டத்தில் நீங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்; குழு எல்லாவற்றையும் எடைபோட்டு முடிவெடுக்கும். முடிவு உங்களுக்கு எதிராகப் போய், அதன்மீது மேல்முறையீடு செய்யும் கட்டத்தில் வாசல் குறுகிவிடுகிறது. நடைமுறையில் தவறு நடந்தது, முன்பு கிடைக்காத புதிய சான்று இப்போது கிடைத்திருக்கிறது என்பதுபோன்ற சில காரணங்களை மட்டுமே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அப்போது ஏற்கின்றன. மருத்துவச் சான்றை முதல் கட்டத்திலேயே கொடுத்திருக்க முடியுமென்றால், மேல்முறையீட்டில் அது புதிய சான்று ஆகாது. எனவே எதையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று பத்திரப்படுத்தி வைக்காதீர்கள். உங்கள் வழக்கின் முழு வலிமையும் இந்த முதல் பதிலில் இருக்க வேண்டும்.

இதற்கான கெடு கடிதத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். மேலே சொன்ன 20 வேலை நாட்கள் வேறு, இது வேறு. இது அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். நவம்பர் செமஸ்டரின் முடிவுகளைத் தொடர்ந்து இந்தக் கடிதங்கள் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரிக்கு வருகின்றன. அப்போது மாணவர் ஊருக்குப் போயிருப்பார், அந்த முகவரியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார், பொங்கல் முடிந்து திரும்பும்போது கெடு கடந்திருக்கும். நீங்கள் உரிய நேரத்தில் பார்த்துவிட்டீர்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதால், மருத்துவமனை ஆவணம் வந்து சேரத் தாமதமாகும் எனத் தோன்றினால், கெடு முடிவதற்கு முன்பே எழுதி நீட்டிப்புக் கேளுங்கள். ஆவணம் முழுமையாக வரவில்லை என்பதற்காகக் கடிதத்தை அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். இருப்பதை அனுப்பிவிட்டு, எந்த ஆவணம் எப்போது வரும் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

எழுதத் தொடங்கும் முன் மாணவர் அமைப்பின் அட்வகேட்டை, அதாவது மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லி அவர்களுக்காகப் பேசும் அலுவலரைச் சந்தியுங்கள். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கத்துக்கெனத் தனி அட்வகசி சேவை இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களுக்கு எஸ்ஆர்சி, முதுநிலை மாணவர்களுக்கு சுப்ரா என்ற மாணவர் அமைப்புகள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்க். ஏனைய பல்கலைக்கழகங்களிலும் இதுபோல ஒன்றைப் பெரும்பாலும் காணலாம். இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை, சொல்வது ரகசியமாக இருக்கும், அவர்கள் உங்கள் பக்கம் நிற்பவர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிகளையும் குழுவின் போக்கையும் என்னைவிட அவர்கள் நன்கு அறிவார்கள்.

நம் மாணவர்கள் எழுதும் கடிதங்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை, அவை விண்ணப்பங்களாக அல்லாமல் மன்றாட்டுகளாக இருப்பது. குடும்பம் நகையை அடகு வைத்து, வீட்டின் பேரில் கல்விக்கடன் வாங்கி அனுப்பியிருக்கிறது, ஒரு வாய்ப்புக் கொடுங்கள், இனி நன்றாகப் படிப்பேன் என்று இரண்டு பக்கம். எல்லாம் உண்மைதான்; படிக்கும்போது எனக்கும் மனம் கனக்கும். ஆனால் குழு விடை தேடும் கேள்விகள் வேறு. உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட எது நடந்தது? அது எந்தப் பாடத்தை, எந்த வாரத்தில், எப்படிப் பாதித்தது? அந்த நிலை இப்போது மாறிவிட்டதா? மாறவில்லையென்றால் அடுத்த செமஸ்டரில் மட்டும் எப்படித் தேறுவீர்கள்? கடைசிக் கேள்விதான் முடிவைத் தீர்மானிக்கிறது. குழுவினர் உங்களை நம்ப விரும்பினாலும், இன்னொரு செமஸ்டருக்கான பெருந்தொகையை நீங்கள் கட்டி மீண்டும் தோற்பதற்கு வழிவிடுகிறோமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கும். அந்த அச்சத்தைப் போக்கும் கடிதமே வெல்கிறது.

இனி நான் சொன்ன இடைவெளி. தந்தையின் மாரடைப்பும் ஜூன் மாத அறுவைச் சிகிச்சையும் முதலில் தோற்ற இரண்டு பாடங்களை நன்றாகவே விளக்குகின்றன. ஜூன் என்பது தேர்வுக் காலம். ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடிந்த செமஸ்டரில் மூன்று பாடங்களில் ஏன் தோற்றீர்கள்? உங்கள் கேள்வியில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை. தந்தையின் உடல்நிலையையே இரண்டு செமஸ்டருக்கும் காரணமாகக் காட்டி நிறுத்தினால், அவர் குணமடைந்த பிறகும் இவர் தேறவில்லையே என்று குழு நினைக்கும். சிகிச்சைச் செலவுக்காக வேலை நேரத்தைக் கூட்டினீர்களா? தூக்கம் கெட்டு, யாரிடமும் சொல்லாமல் மனச்சோர்வில் இருந்தீர்களா? முந்தைய செமஸ்டரில் தோற்ற அடிப்படைப் பாடம் இல்லாமல் அடுத்த பாடத்தை எடுத்து அதில் தடுமாறினீர்களா? நான்கு பாடங்களை எடுக்கும் நிலையில் இல்லாதபோதும் விசா பயத்தால் எடுத்தீர்களா? உண்மையான காரணம் எதுவோ அதை எழுதுங்கள்; சிறியதாகத் தோன்றினாலும் உண்மையான காரணம் தேதிகளோடு பொருந்தும், புனைந்த காரணம் எங்கேயாவது இடிக்கும்.

ஒரு தாளில் வாரவாரியாக ஒரு பட்டியல் போடுங்கள். ஒரு பக்கம் வீட்டில் நடந்தவை, மறுபக்கம் ஒவ்வொரு பாடத்திலும் ஒப்படைப்பு, தேர்வு இருந்த தேதிகளும் பெற்ற மதிப்பெண்களும். 'தந்தையின் உடல்நலக் குறைவால் படிப்பில் கவனம் செலுத்த முடியவில்லை' என்ற வாக்கியத்துக்கும், 'மே இரண்டாம் வாரம் வரை தரவுத்தளப் பாடத்தின் இரு ஒப்படைப்புகளிலும் தேறியிருந்தேன். தந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட வாரத்தில் வரவேண்டிய மூன்றாவதை ஒப்படைக்கவில்லை. அறுவைச் சிகிச்சை நடந்த மூன்றாம் நாள் எழுதிய தேர்வில் தோற்றேன். அனுமதிக் குறிப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியும் இணைப்பில் உள்ளன' என்ற விளக்கத்துக்கும் உள்ள தூரம் பெரிது. இரண்டாவதைப் படிப்பவர் தானே கூட்டிப் பார்த்துக்கொள்வார், நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை. முதல் செமஸ்டரில் நான்கிலும் தேறியதை இந்த வரிசையின் தொடக்கத்தில் வையுங்கள். இந்தப் படிப்புக்குரிய திறன் உங்களிடம் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

ஆவணங்களைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் சிக்கல் குறைவு. தமிழில் மட்டும் உள்ள சான்றிதழ்களை நாட்டி எனப்படும் ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்புத் தகுதி அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் செய்யுங்கள். நோயாளி உங்கள் தந்தைதான் என்பதைக் காட்டப் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் உள்ள பக்கத்தை இணையுங்கள். இனிஷியல் எழுதும் நம் வழக்கத்தால் தந்தை, மகன் பெயர்த் தொடர்பு அங்குள்ளவர்களுக்கு விளங்காமல் போவதுண்டு. உங்கள் மனநிலை பாதிக்கப்பட்டிருந்தால், அதற்குத் தனிச் சான்று வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆலோசகரிடமோ ஜிபி எனப்படும் பொது மருத்துவரிடமோ போயிருந்தால், எந்தக் காலத்தில் எந்த அளவுக்குப் படிப்புப் பாதித்தது என்று எழுதிக் கேளுங்கள். போகவில்லையென்றால் இப்போதாவது போங்கள். கடந்த காலத்துக்கு அது வலுவான சான்றாகாது, ஆனால் எதிர்காலத் திட்டத்தின் முதல் படியாக நிற்கும். அதைவிட முக்கியமாக, உங்களுக்கு அந்த உதவி தேவைப்படலாம்.

எக்காரணம் கொண்டும் விலைக்கு மருத்துவச் சான்று வாங்காதீர்கள். பல்கலைக்கழகங்கள் மருத்துவரைத் தொடர்புகொண்டு சரிபார்க்கின்றன. படிப்பில் பின்தங்கியது குற்றமல்ல. போலி ஆவணம் கொடுப்பது ஒழுங்கீனம், அதற்கான விசாரணையும் தண்டனையும் வேறு, பதிவேட்டில் அது விட்டுச்செல்லும் தடமும் வேறு.

வேலை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2023 ஜூலை 1 முதல், வகுப்புகள் நடக்கும் காலத்தில் மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அந்த வரம்புக்குள் வேலை செய்து அது படிப்பைப் பாதித்திருந்தால் தயங்காமல் எழுதலாம். வரம்பை மீறியிருந்தால், அதை எழுத்தில் வைக்கும் முன் பதிவுபெற்ற குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். பொய் எழுதச் சொல்லவில்லை. எதை எழுதுகிறோம், அதன் விளைவு என்ன என்பதை அறிந்து எழுதச் சொல்கிறேன். எப்படியிருந்தாலும், அடுத்த செமஸ்டரில் வேலையை எத்தனை மணி நேரமாகக் குறைப்பீர்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைச் சொல்ல வேண்டும். 'வேலையை விட்டுவிடுவேன்' என்று எழுதிவிட்டு வாடகைக்கு வழி சொல்லாத கடிதத்தை அவர்கள் நம்புவதில்லை.

எதிர்காலத் திட்டம் கடிதத்தில் பாதி இடத்தையாவது பெற வேண்டும். நான்குக்குப் பதில் மூன்று பாடங்கள் எடுக்கக் கேட்கலாம். பின்தங்கியவருக்கு உதவும் திட்டத்தின் பகுதியாகவோ இரக்கத்துக்குரிய, தவிர்க்க முடியாத சூழ்நிலையின் பேரிலோ பாடச் சுமையைக் குறைக்கவும், அதனால் நீளும் காலத்துக்குச் சிஓஇ எனப்படும் சேர்க்கை உறுதிச் சான்றை நீட்டித்துத் தரவும் தேசிய நெறிமுறை இடம் தருகிறது. எந்தப் பாடத்தை முதலில் மீண்டும் எடுப்பீர்கள், அது எந்தப் பாடத்துக்கு முன்தேவை, கற்றல் ஆலோசகரை எந்த நாளில் சந்திப்பீர்கள் என்று எழுதுங்கள். ஏற்கெனவே செய்துவிட்டவை இன்னும் நல்லது. ஆலோசகருடனான சந்திப்பை இன்றே பதிவு செய்து அதன் உறுதி மின்னஞ்சலை இணைத்தால், பத்து வாக்குறுதிகளைவிட அது அதிகம் பேசும்.

பல்கலைக்கழகம் தன் கடமையைச் செய்ததா என்பதையும் பாருங்கள். ஜூலையில், முதல் இரண்டு தோல்விகளுக்குப் பிறகு, எச்சரிக்கையோ உதவி அழைப்போ வந்ததா? வந்து நீங்கள் போகவில்லையென்றால் ஏன் போகவில்லை என்று நேர்மையாக எழுதுங்கள். வரவே இல்லையென்றால், அது வலுவான வாதம். பணிவாக, ஆனால் தெளிவாக முன்வையுங்கள்.

இதற்கு இணையாக இன்னொரு வழியும் உண்டு. செமஸ்டரின் பாடப் பதிவு இறுதியாகும் நாளான சென்சஸ் தேதிக்குப் பிறகு ஏற்பட்ட விசேஷச் சூழ்நிலையால் பாடத்தை முடிக்க முடியாமல் போனால், கல்வித் தண்டனை இல்லாமல் அதிலிருந்து விலகியதாகப் பின்தேதியிட்டுக் கருதும்படி தனி விண்ணப்பம் செய்யப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. மே மாத நிகழ்வு அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த இரண்டு தோல்விகளும் அப்படி அழிக்கப்பட்டால், நீக்கத்துக்கான அடித்தளமே ஆட்டம் காணலாம். இதற்கும் கெடு உண்டு. அட்வகேட்டிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

குழு நேரில் அல்லது காணொளியில் அழைத்தால் அவசியம் போங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லும் உரிமையை உள்முறையீட்டுக்குத் தேசிய நெறிமுறையே தருகிறது. பெரியவர்கள் முன்னால் தலைகுனிந்து எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்வது நமக்கு மரியாதையாகப் படும்; 'நீங்கள் முயலவில்லை என்று சொல்லலாமா' என்று கேட்கப்படும்போதும் அப்படியே தலையாட்டிவிட்டால் அது ஒப்புதலாகப் பதிவாகிவிடும். கேட்ட கேள்விக்கு மட்டும், நிதானமாக, ஆவணத்தைச் சுட்டிக்காட்டிப் பதில் சொல்லுங்கள்.

உள்முறையீடும் தோற்றால், தேசிய மாணவர் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2025 பிப்ரவரி 1 முதல் செயல்படும் இந்த அமைப்பு, உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்ற வேறுபாடின்றி உயர்கல்வி மாணவர்கள் எல்லோருடைய முறையீடுகளையும் கட்டணமின்றி ஏற்கிறது. மதிப்பெண்ணைத் திருத்துவதும் ஆசிரியரின் கல்விசார் தீர்ப்பை மாற்றுவதும் அதன் வேலையல்ல. பல்கலைக்கழகம் தன் விதிகளை நியாயமாகப் பின்பற்றியதா என்பதை அது ஆராயும். உள்முறையீட்டின் முடிவோடு, வெளியே முறையிட எவ்வளவு காலம் தரப்படுகிறது என்பதும் தெரிவிக்கப்படும். அதைத் தவறவிட்டால் பிரிஸ்ம்ஸில் புகார் பதியப்பட்டுவிடும். நீதிமன்றத்தை நம்ப வேண்டாம். கிரிஃபித் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு மாணவரை நீக்கிய வழக்கில், அந்த முடிவு குவீன்ஸ்லாந்தின் நீதித்துறை மறுஆய்வுச் சட்டத்தின் கீழ் வராது என்று அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. அந்த வழி செலவு மிக்கது, குறுகியது.

எல்லா முயற்சிக்குப் பிறகும் நீக்கம் உறுதியானால், பெரும்பாலும் அது குறிப்பிட்ட காலத்துக்கானது. அந்தக் காலம் முடிந்து மீண்டும் சேர விண்ணப்பிக்கலாம், ஆனால் இடம் தானாகக் கிடைக்காது. வேறு பல்கலைக்கழகத்தில் சேர்வதானால் தேறிய ஏழு பாடங்களை அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி கேட்கலாம். விண்ணப்பத்தில் முன்பு நீக்கப்பட்டதுண்டா என்ற கேள்வி இருந்தால் உண்மையை எழுதி, இப்போது தயாரிக்கும் இதே விளக்கத்தையும் ஆவணங்களையும் இணையுங்கள். அந்தக் காலத்தில் மருத்துவரைப் பார்த்தது, வேலையில் சேர்ந்தது, ஏதேனும் குறும்படிப்பு முடித்தது ஆகியவற்றுக்கான சான்றுகளைச் சேர்த்து வைத்தால் மறுசேர்க்கைக் குழு கேட்கும்போது கொடுக்க முடியும். இந்த நாட்களில் அனுப்பும் எல்லாவற்றையும் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து அனுப்பி, ஒரு நகலை உங்கள் சொந்த முகவரிக்கும் அனுப்பிக்கொள்ளுங்கள். நீக்கம் நடைமுறைக்கு வந்தபின் பல்கலைக்கழகக் கணக்கு மூடப்படலாம், வெளிமுறையீட்டின்போது அந்தக் கடிதங்கள் தேவைப்படும்.